பரையா: ஆங்கில அகராதிக்குள் போன ஒரு தமிழ்ப் பெயர்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன வார்த்தைகள் எவை என்று கேட்டால் நம்மில் பலர் கடகடவென்று ஒப்பிப்போம். கட்டுமரம் "கேட்டமரான்" ஆனது, சுருட்டு "ஷெரூட்" ஆனது, மிளகுத்தண்ணி "முல்லிகடானி" ஆனது, கறி "கறி"யாகவே போனது. சொல்லும்போதே ஒரு பெருமை!

ஆனால் அந்தப் பட்டியலில் நாம் சத்தமாகச் சொல்லாத ஒரு வார்த்தை உண்டு. அதுதான் "பரையா". ஆங்கில அகராதியில் இதன் பொருள்: எல்லோராலும் வெறுத்து ஒதுக்கப்பட்டவர், சமூகத்தில் சேர்க்கத் தகாதவர். அடுத்த வரியில் சின்ன எழுத்தில், இது தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும்.

உலக அரசியல் செய்திகளில் இது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த நாட்டுக்கு "பரையா ஸ்டேட்" என்று பெயர். நிறவெறிக் காலத்துத் தென்னாப்பிரிக்காவை அப்படித்தான் எழுதினார்கள். 2018-இல் பத்திரிகையாளர் கஷோகி கொல்லப்பட்ட பிறகு, 2019 நவம்பரில் நடந்த தேர்தல் விவாதத்தில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைப் பற்றிச் சொல்லும்போதும் இதே வார்த்தையைத்தான் பயன்படுத்தினார். சொன்னவருக்கோ கேட்டவர்களுக்கோ அது ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் என்று தோன்றியிருக்குமா? சந்தேகம்தான்.

ஒரு சாதியின் பெயர் எப்படி உலகம் முழுவதும் வசைச்சொல் ஆனது? இந்தக் கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது.

தமிழில் என்ன பொருள்?

"பறை" என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது தோல் கருவி. ஆனால் பறைதல் என்றால் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. மலையாளத்தில் இன்றும் "பறயுக" என்றால் பேசுவதுதான். யாழ்ப்பாணத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் பேச்சுவழக்கில் இந்தச் சொல் உயிரோடு இருக்கிறது. செய்தியைச் சொல்லும் கருவி பறை, அதை முழக்கியவர் பறையர் என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம்.

புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடிய 335-ஆம் பாட்டில் இந்தக் குடிப்பெயர் வருகிறது. வேறு மூன்று குடிகளோடு சேர்த்து, இவற்றை விட்டால் வேறு குடி இல்லை என்கிற அளவுக்கு மரியாதையாகவே சொல்லப்படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பறையர்களில் மிகப் பெரும்பாலோர் பறை அடிப்பவர்கள் இல்லை. வயலில் வேலை செய்த உழவுக் கூலிகள், பண்ணையாட்கள். தமிழ்நாட்டு நெல்லில் பெரும்பகுதியை விளைவித்த கைகளில் அவர்கள் கைகளும் உண்டு. தீண்டாமை என்ற கொடுமை அவர்கள் மேல் சுமத்தப்பட்டிருந்தது, அதை மறுக்கவே முடியாது. ஆனால் அவர்கள் சாதியிலிருந்து தள்ளிவைக்கப்பட்டவர்கள் இல்லை. தங்களுக்கென்று நாட்டாண்மை, முறைகள், வழிபாடு எல்லாம் கொண்ட ஒரு பெரிய சமூகம். சென்னைக் கருப்பர் நகரத்து அம்மன் திருவிழாவில், ஊர் மொத்தத்தின் சார்பில் அம்மனுக்குத் தாலி கட்டும் மாப்பிள்ளையாக ஒரு பறையரைத்தான் நிறுத்துவார்கள் என்று பழைய ஆங்கிலக் குறிப்புகளே சொல்கின்றன.

கப்பலேறிய பெயர்

கடற்கரையில் முதலில் வந்து இறங்கிய போர்த்துக்கீசியர்கள் வழியாகத்தான் இந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போனது. ஆங்கிலத்தில் 1613-லேயே பதிவாகிவிட்டது. அப்போது அது தென்னிந்தியாவில் இருக்கும் ஒரு சாதியின் பெயர், அவ்வளவுதான்.

1639-க்குப் பிறகு சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிக் குடியேறினார்கள். அவர்கள் வீட்டில் சமையல் செய்தவர்கள், குதிரை பார்த்தவர்கள், பிள்ளை தூக்கியவர்கள் எனப் பலரும் பறையர்கள். வெள்ளைக்காரருக்கு இந்தியாவில் மிக நெருக்கமாகத் தெரிந்த சாதிப் பெயர்களில் இதுவும் ஒன்றானது. தெரிந்த பெயர் என்பதால் எதற்கெடுத்தாலும் அதை ஒட்டவைக்க ஆரம்பித்தார்கள்.

சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் விற்ற மட்டமான சாராயம் "பரையா அராக்" ஆனது. தெருநாய் "பரையா டாக்" ஆனது. பருந்துகளைக் கூட விடவில்லை! நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் செம்பருந்துக்கு "பிராமினி கைட்" என்று பெயர். குப்பைமேட்டில் இரை தேடும் கரும்பருந்துக்கு "பரையா கைட்" என்று பெயர். வானத்தில் பறக்கிற இரண்டு பறவைகளுக்கும் சாதி பார்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். பின்னது இப்போது பெரும்பாலும் "பிளாக் கைட்" என்றே எழுதப்படுகிறது. முன்னது அப்படியே இருக்கிறது.

எங்கே தடம் மாறியது?

1819 வாக்கில்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல், சாதியைத் தாண்டி, "ஒதுக்கப்பட்ட எவரும்" என்ற பொருளில் எழுதப்படத் தொடங்கியது. பறையர் என்றால் எல்லாச் சாதிகளிலிருந்தும் வெளியே தள்ளப்பட்டவர்களின் கூட்டம் என்று ஐரோப்பியர்கள் நினைத்துக்கொண்டதுதான் இதற்கு அடிப்படை.

இது தவறு என்று அந்தக் காலத்திலேயே அவர்களில் சிலர் எழுதினார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், பறையர் என்போர் தனித்த, பழமையான ஒரு சமூகமே தவிர சாதி இழந்தவர்களின் கும்பல் இல்லை என்று விளக்கினார். யூல், பர்னெல் இருவரும் தொகுத்து 1886-இல் வெளியான "ஹாப்சன் ஜாப்சன்" அகராதியும் ஐரோப்பியரின் இந்தத் தவறான எண்ணத்தைச் சுட்டிக்காட்டியது. அகராதிக்காரர்கள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அதற்குள் சொல் கைமீறிப் போயிருந்தது.

இங்கே ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். "அவுட்காஸ்ட்" என்று உச்சரிக்கப்படும் இரண்டு சொற்கள் ஆங்கிலத்தில் உண்டு. ஒன்றில் கடைசியில் "ஈ" எழுத்து இல்லை. அது "வெளியே எறியப்பட்டவர்" என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல், சாதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "ஈ" சேர்ந்து வருவது "சாதிக்கு வெளியே உள்ளவர்". சாதியைக் குறிக்கும் "காஸ்ட்" போர்த்துக்கீசியச் சொல்லான "காஸ்தா"விலிருந்து வந்தது. ஒரே ஓசையில் இரண்டும் கேட்பதால் இரண்டும் குழம்பின. அந்தக் குழப்பத்தில் "பரையா"வும் சேர்ந்துகொண்டது.

ஐரோப்பியக் கவிஞர்களின் கையில்

பிரெஞ்சுப் புரட்சியின் ஆரம்ப ஆண்டுகளில் பெர்னார்தின் தெ சேன் பியேர் என்ற எழுத்தாளர் "இந்தியக் குடிசை" என்று ஒரு கதை எழுதினார். உண்மையைத் தேடி உலகம் சுற்றும் ஆங்கிலேய அறிஞர் ஒருவர், கடைசியில் அதை ஒரு "பாரியா"வின் குடிசையில் கண்டடைகிறார். கதை பிரபலமானது. 1821-இல் காசிமிர் தெலவீன் "பாரியா" என்றே பெயர் வைத்து பாரீசில் நாடகம் போட்டார். 1824-இல் ஜெர்மன் மகாகவி கோத்தே அதே தலைப்பில் கவிதைகளை வெளியிட்டார். பெண்ணுரிமைப் போராளி ஃபுளோரா திரிஸ்தான் பெரு நாட்டுப் பயண நூலுக்கு "ஒரு பாரியாவின் பயணங்கள்" என்று பெயர் வைத்தார் (1838). பிறகு மாக்ஸ் வெபர் யூதர்களை "பாரியா மக்கள்" என்றார். 1944-இல் ஹன்னா ஆரெண்ட், யூதரைப் பாரியாவாகப் பார்த்து ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்.

கவனியுங்கள், இவர்களில் யாரும் இதை வசையாகச் சொல்லவில்லை. ஒடுக்கப்பட்டவர் பக்கம் நின்றுதான் எழுதினார்கள். ஆனாலும் அந்தப் பெயருக்கு உண்மையான சொந்தக்காரர்கள் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் உயிரோடு இருக்கிறார்கள் என்பது மெல்ல மெல்ல மறைந்துபோனது. பெயர் உவமையாகிவிட்டது. மனிதர்கள் காணாமல் போனார்கள்.

அதே காலத்தில் அந்த மனிதர்களின் நிலை என்ன? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமில்லாமல், குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையது என்று சொல்ல முடியாமல், கடனுக்கு அடிமையாகப் பறையர்கள் படும் பாட்டை விவரமாக எழுதினார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று பேசுவதன் தொடக்கம் அதுதான். ஐரோப்பாவில் கவிதைத் தலைப்பு, இங்கே ஒரு துண்டு நிலத்துக்கான மனு. இரண்டிலும் ஒரே சொல்!

பெயருக்குச் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள்?

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். அயோத்திதாசப் பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் மைத்துனர்கள். சீனிவாசனின் சகோதரியைத்தான் அயோத்திதாசர் மணந்திருந்தார். இரண்டு பேருமே தங்கள் மக்களுக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தவர்கள். ஆனால் இந்த ஒரு சொல்லில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள்.

அயோத்திதாசர் அந்தப் பெயரே வேண்டாம் என்றார். அவர் பார்வையில் அவர்கள் பூர்வ பௌத்தர்கள், ஆதித் தமிழர்கள். "பறையர்" என்பது பகைவர்கள் இழிவுபடுத்தச் சூட்டிய பெயர். எனவே 1907-இல் தான் தொடங்கிய பத்திரிகைக்கு "ஒரு பைசாத் தமிழன்" என்று பெயர் வைத்தார்.

சீனிவாசனோ 1893-இல் சென்னையில் தொடங்கிய பத்திரிகைக்குப் "பறையன்" என்றே பெயர் சூட்டினார். நான்தான் அது என்று ஒருவன் கூசாமல் முன்னால் வந்து நிற்காதவரை அவனுக்கு உரிமை கிடைக்காது என்பது அவர் எண்ணம். ஒளிந்துகொண்டு உரிமை கேட்க முடியாது அல்லவா?

யார் சரி? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் ஒன்று நிச்சயம். இது அவர்கள் தங்கள் பெயரைப் பற்றித் தாங்களே நடத்திய விவாதம். ஐரோப்பாவில் அந்தச் சொல்லை எழுதியவர்கள் யாரும் இவர்களிடம் கேட்டுவிட்டு எழுதவில்லை.

1922-இல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை விட்டுவிட்டு ஆதி திராவிடர் என்று குறிக்க வேண்டும் என்று கேட்டார். அரசும் அதை ஏற்று ஆணையிட்டது. தமிழில் ஒரு சட்டமன்றமே பேசி முடித்த விஷயம் ஆங்கிலத்தில் மட்டும் தொடர்ந்தது.

இது பழைய கதையா?

இல்லை. 2011-இல் மலேசியாவில் நடந்ததைப் பாருங்கள். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971-இல் வெளியான "இன்டர்லோக்" நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்தார்கள். அங்கே குடியேறிய இந்தியர்களைப் பற்றிச் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வந்ததால் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த ஆண்டின் இறுதியில் புத்தகம் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. வகுப்பில் பக்கத்து நாற்காலி மாணவன் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரித்தால் ஒரு பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் அந்தக் கோபம் புரியும்.

சிலர் கேட்கலாம்: "வேண்டல்" என்பதும் ஒரு இனத்தின் பெயர்தானே? பொதுச் சொத்தை நாசம் செய்பவனை அப்படிச் சொல்கிறோமே? "ஸ்லேவ்" என்ற சொல்லே ஸ்லாவ் இனத்தவரின் பெயரிலிருந்துதானே வந்தது? உண்மைதான். ஆனால் வேண்டல் இனம் அழிந்து பல நூற்றாண்டு ஆகிவிட்டது. "ஸ்லேவ்" என்று படித்துவிட்டு எந்த ரஷ்யரும் தன்னைச் சொல்வதாக நினைப்பதில்லை. பறையர்கள் அப்படி இல்லை. அவர்கள் நம் ஊரில், நம் வகுப்பில், நம் பக்கத்தில் இருப்பவர்கள். அந்தப் பெயரால் பட்ட காயமும் இன்னும் ஆறவில்லை.

நம் நாட்டில் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயர் சொல்லி மற்றவர் முன்னிலையில் திட்டுவது குற்றம். 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் இதைத் தெளிவாகவே சேர்த்தது. ஆனால் அதே சொல்லின் ஆங்கில வடிவம் தலையங்கத்தில் வந்தால் நாம் நல்ல ஆங்கிலம் என்று குறித்துவைத்துக்கொள்கிறோம். தமிழில் சொன்னால் வாய் கூசும் ஒன்று ஆங்கிலத்தில் மட்டும் எப்படி நாகரிகமாகிவிடும்?

அகராதியிலிருந்து அந்தச் சொல்லைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. அகராதி என்பது ஒரு மொழியின் வரலாறு, அதில் அழுக்கும் இருக்கத்தான் செய்யும். ஆனால் எழுதும்போது எந்தச் சொல்லை எடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது. ஒதுக்கப்பட்டவர் என்று சொல்ல ஆங்கிலத்தில் வேறு சொற்களுக்கா பஞ்சம்? "ஈ" இல்லாத "அவுட்காஸ்ட்" ஒன்றே போதுமே!

அடுத்த முறை ஆங்கிலச் செய்தியில் இந்தச் சொல் கண்ணில் பட்டால் ஒரு நொடி நின்று பாருங்கள் நண்பர்களே. அது வெறும் உவமை இல்லை, நம் ஊர் மக்களின் பெயர்.