ஒட்டிய இடம் தெரிகிறதா?

பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனன் அப்படி என்னதான் கேட்டார்? போன வாரம் அந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் போனதற்கு எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பீர்களோ! இனியும் தவிக்கவிட மாட்டேன்.

'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டுக்கு இரண்டு பதிவுகள் கையில் இருந்தன. ஒன்று மெல்லோட்ரான் இசையில் மெதுவாக மிதந்து வருவது. மற்றது தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் நான்கு டிரம்பெட், மூன்று செல்லோ சேர்த்து அமைத்த வேகமான பதிவு. ஜானுக்கு முதலாவதின் தொடக்கம் பிடித்திருந்தது. இரண்டாவதின் முடிவும் பிடித்திருந்தது.

இரண்டையும் ஒன்றாக்கிவிடுங்கள் என்றார்!

வேகம் வேறு, சுருதி வேறு என்று மார்ட்டின் எடுத்துச் சொன்னார். ஜான் மசியவில்லை. உங்களால் முடியும் என்று முடித்துவிட்டார்.

ஏன் இந்தப் பிடிவாதம்? பீட்டில்ஸ் கடைசியாகக் கச்சேரி செய்த கேண்டில்ஸ்டிக் பார்க் மேடையை நினைத்துப் பாருங்கள். கூட்டம் போட்ட கூச்சலில் தாங்கள் வாசிப்பதே அவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கச்சேரி நடந்த அதே மாதம்தான் அவர்களுடைய 'ரிவால்வர்' ஆல்பம் வெளியாகியிருந்தது. அதிலிருந்து ஒரு பாட்டுகூட அன்று பாடவில்லை. கூட்டத்துக்கு வேண்டியது பழைய பீட்டில்ஸ். ஜானுக்கோ, லிவர்பூலில் சின்ன வயதில் விளையாடித் திரிந்த தோட்டத்தைப் பாட வேண்டும், அதுவும் தன் மனதில் ஒலித்தபடியே.

மேடையை விட்டதோடு ரசிகர்களையும் அவர்கள் உதறிவிட்டார்கள் என்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காது கொடுத்துக் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் ஒரே பாட்டோடு ஒரு மாதம் மல்லுக்கட்டுவார்களா?

1966 டிசம்பர் 22, அபே ரோடு ஸ்டுடியோ.

மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் டேப்பை முன்னே வைத்து உட்கார்ந்தார்கள். அதிர்ஷ்டம் எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? வேகமான பதிவுதான் சுருதியும் கூடியது. டேப்பை மெதுவாக ஓடவிட்டால் வேகம் குறையும், கூடவே சுருதியும் இறங்கும்.

ஓடவிட்டார்கள்.

இறங்கியது. முதல் பதிவோடு வந்து பொருந்தியது!

டேப்பை வெட்டினார்கள். ஒட்டினார்கள். பாட்டின் முதல் நிமிடம் முடியும் இடத்தில் கூர்ந்து கேளுங்கள். அங்கேதான் ஒட்டு.

மேனேஜர் பிரையன் எப்ஸ்டீன் புது சிங்கிள் வேண்டும் என்று நெருக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் 'பென்னி லேன்' சேர்த்து பிப்ரவரியில் இசைத்தட்டு வெளிவந்தது. பாட்டோடு வந்த படத்தைப் பார்த்த அமெரிக்க இளசுகள் சிலர் முகம் சுளித்தார்கள். நால்வருக்கும் மீசை!

அடி விழுந்தது பிரிட்டனில். நான்கு ஆண்டுகளாக அவர்களுடைய புது சிங்கிள் ஒவ்வொன்றும் அங்கே முதலிடம் பிடித்திருந்தது. இந்த முறை 'ரெக்கார்ட் ரீடெய்லர்' பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தாண்டவில்லை.

வழிமறித்தது ரோலிங் ஸ்டோன்ஸ் அல்ல. காதலை உருகி உருகிப் பாடிய, கோட்டு சூட்டுப் போட்ட ஒரு தனிப் பாடகர். அவர் பிறந்த ஊர் நம்ம மெட்ராஸ்!

யார் அவர்? அடுத்த வாரம் சொல்கிறேன்.