வளாக அணியும் மாவட்ட அணியும்: சிதம்பரம் வட்டாரத்தில் பல்கலைக்கழகக் கூடைப்பந்தின் அமைப்பு வரலாறு

இந்தியக் கூடைப்பந்தின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளை அடுக்குகிறார்கள். 1930-இல் ஆட்டம் தொடங்கியது; 1934-இல் புதுதில்லியில் ஆடவருக்கான முதல் தேசியப் போட்டி நடந்தது; 1950-இல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது. இந்த வரிசையில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தனி இடமில்லை. சம்மேளனம் வளர்த்த ஆட்டத்தின் கிளையாகவும், அமெரிக்கக் கல்லூரிகளின் கான்பரன்ஸ் போட்டிக்கு உள்ளூர்ப் பதிப்பாகவும் அதைக் கருதிவிடுகிறார்கள். இந்த வாசிப்பை ஏற்பதற்கில்லை. ஆட்டம் வந்த வழி வேறு, போட்டி உருவெடுத்த வழி வேறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் 1930-ஐப் பார்ப்போம். ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் 13 விதிகளோடு இந்த ஆட்டத்தை வகுத்தார். அங்கு நடந்த முதல் ஆட்டத்தில் ஓர் அணிக்குத் தலைமை தாங்கிய டங்கன் பேட்டன் 1894-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார் என்று இன்னொரு மரபு சொல்கிறது. 1894-க்கும் 1930-க்கும் இடையே 36 ஆண்டுகள். 1894-ஐத் தொடக்க ஆண்டாக நிலைநாட்ட நான் முயலவில்லை; அதுவும் பின்னாளைய கூற்றுகளைச் சார்ந்து நிற்கும் ஆண்டுதான். ஆனால் 1930 அதைவிடப் பலவீனமானது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இலேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிவிட்டார். கூடைப்பந்து பிறந்த நிறுவனத்தின் மாணவர் ஒருவர் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கத் தொடங்கி பத்து ஆண்டுகள் கழித்துத்தான் இந்தியாவில் கூடைப்பந்து தொடங்கியது என்றால், நம்பும்படியாக இல்லை. 1930 என்பது அமைப்புகள் ஆட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட காலத்தையே குறிக்கும். ஆடத் தொடங்கிய காலத்தைக் குறிக்காது.

அடுத்தது கான்பரன்ஸ் ஒப்பீடு. அமெரிக்காவில் கான்பரன்ஸ் என்பது கல்லூரிகள் தாமாகக் கூடி அமைத்துக்கொள்ளும் லீக். பருவம் முழுவதும் ஒருவர் மைதானத்தில் ஒருவர் ஆடி, இறுதியில் ஓரிடத்தில் கூடிப் போட்டி நடத்துவார்கள். தேசியப் போட்டிக்கு ஒரு கான்பரன்சிலிருந்து ஓர் அணியே என்ற விதி 1974 வரை இருந்தது. அவ்வாண்டு அட்லாண்டிக் கோஸ்ட் கான்பரன்ஸ் இறுதியாட்டத்தில் கூடுதல் நேரத்தில் 103–100 எனத் தோற்ற மேரிலாந்துக்குத் தேசியப் போட்டியில் இடம் கிடைக்கவில்லை. நம் பல்கலைக்கழகப் போட்டியின் தென்மண்டலமோ பல்கலைக்கழகங்கள் தாமாகக் கூடி அமைத்ததன்று. 1925-இல் தோன்றிய பல்கலைக்கழகங்களிடை வாரியமும், 1973-இல் அது பெயர் மாறி ஆன இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமும் நிலப்பரப்பைப் பார்த்துப் பிரித்தது. பருவ ஆட்டம் கிடையாது. அணிகள் ஒரு வளாகத்தில் கூடி முதலில் நாக் அவுட், பிறகு நால்வர் லீக் ஆடும். நான்கு அணிகளும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். 1956–57-இல் ஏற்படுத்தப்பட்ட மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பையும் பல விளையாட்டுகளின் சாதனையைக் கூட்டிப் பல்கலைக்கழகத்துக்கே தரப்படுகிறது. இங்கே போட்டியின் அலகு கல்லூரி அன்று, பல்கலைக்கழகம்.

அப்படியானால் பல்கலைக்கழகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதே முதல் கேள்வியாகிறது. இங்குதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சட்டத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1929-இல் உருவான அது, இணைப்புக் கல்லூரிகள் இல்லாத, கற்பிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக 2021 வரை இருந்தது. சென்னைப் பல்கலைக்கழக அணி என்றால், பல கல்லூரிகள் தமக்குள் மோதி, அங்கு கண்ணில் பட்டவர்களைச் செலக்‌ஷனுக்கு அழைத்து, பன்னிரண்டு பேராகச் சுருக்கிய அணி. அண்ணாமலை அணியோ ஒரே வளாகத்தில் கலை, பொறியியல், வேளாண்மைப் புலங்களிலிருந்து திரண்டது. பல கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள் போட்டிக்குச் சில நாள் முன்புதான் ஒன்றாகப் பந்தைத் தொடுவார்கள். விடுதிக்காரர்கள் ஆண்டு முழுக்க ஒரே மைதானத்தில் மாலைதோறும் ஆடலாம். முன்னதற்கு ஆள்வளம் பெரிது, பின்னதற்குப் பழக்கம் பெரிது. சம்மேளன வரலாறு இந்த வேறுபாட்டைப் பேசுவதே இல்லை.

அதன் விளைவைச் சிதம்பரம் வட்டாரத்துக் கீரப்பாளையம் ஒன்றியத்தில் வைத்துப் பார்க்கலாம். இவ்வொன்றியத்தில் ஒரே பள்ளியில் ஆடிய இரண்டு மாணவர்கள். ஒருவர் அண்ணாமலைநகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் சேர்கிறார், மற்றவர் சி.முட்லூர் அரசு கலைக் கல்லூரியில். இரண்டும் சிதம்பரத்தைச் சுற்றியே உள்ளவை. ஆனால் சி.முட்லூர் மாணவர் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 2002-இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்தபின் அதற்கும் உரியவராக இருந்தார். அவர் செலக்‌ஷனுக்கு வேலூர்ப் பக்கம் பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஊர்க்காரர்கள் தென்மண்டலத்தில் எதிரணிகளில் நிற்க நேர்ந்தது. எந்தக் கான்பரன்சும் இப்படிப் பிரித்ததில்லை. பட்டம் வழங்கும் அதிகாரத்தின் எல்லைக்கோடு பிரித்தது.

2021-இல் இந்தக் கோடு நகர்ந்தது. விழுப்புரத்தில் அறிவிக்கப்பட்ட ஜெயலலிதா பல்கலைக்கழகம் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டு, கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகள் அண்ணாமலையின்கீழ் வந்தன. வளாக அணியாக இருந்தது மாவட்டங்களின் அணியாகும் வழி திறந்தது. அணி மாறிய ஆண்டும் 2021-தான் என்று நான் சொல்ல மாட்டேன். முன்பே சேர்ந்த மாணவர்கள் பழைய பல்கலைக்கழகத்திலேயே படிப்பை முடிப்பதுதான் வழக்கம். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு இரு நிலையும் கலந்தே இருந்திருக்க வேண்டும்.

ஒன்று உறுதி. இம்மாற்றத்தைச் சம்மேளனமோ அமெரிக்க முன்மாதிரியோ கொண்டுவரவில்லை. சட்டமன்றம் இயற்றிய ஒரு திருத்தம் கொண்டுவந்தது. தமிழகக் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றை எழுத வருபவர் கோப்பைப் பட்டியலைத் திறக்கும் முன் இணைப்புக் கல்லூரிகளின் பட்டியலைத் திறக்க வேண்டும். யார் எந்த அணிக்கு ஆடினார், எந்தத் திறமை செலக்‌ஷனை எட்டாமலே நின்றது என்ற இரண்டுக்கும் விடை அதில்தான் தொடங்குகிறது.