எச்-4 நெல்லின் பிறப்பு

குளம் கட்டிய மன்னரின் பெயர்களை நமது சரித்திர நூல்கள் தவறாமற் கூறுகின்றன. அக்குளத்து நீரில் விளைந்த நெல்லின் பெயரை அவை கூறுவதில்லை. முருங்கைக்காயன் அத்தகைய நெல்லினங்களுள் ஒன்று. நல்ல கதிரைத் தேர்ந்து விதைக்கு ஒதுக்கி, தலைமுறை தலைமுறையாக அதனைக் காத்தவர்கள் பெயரறியாக் கமக்காரர்கள்.

1953ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து ஹர்த்தாலை நம் வாசகர் அறிவர். கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் இறப்பரைக் கொடுத்துச் சீனாவிடம் அரிசி பெறும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. குருநாகல் மாவட்டத்துப் பத்தலகொடையில் நெல்லாராய்ச்சி நிலையம் தோன்றியதும் அதே 1952இலேதான்.

அங்கே எதிர்ப்பட்ட சிக்கல் எளிதானதன்று. விளைச்சலைப் பெருக்க இரசாயனப் பசளை இட்டால், நெடிதுயர்ந்த பழைய நெற்பயிர் சாய்ந்துவிடும். தழைச்சத்து மிகுந்த பயிரையே எரிபந்த நோயும் விரும்பிப் பற்றும். இலையிலே கண் வடிவான புள்ளிகளாகத் தோன்றும் இப்பூஞ்சணம், கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணி பிடியாமற் கதிர் வெளுத்துப் பதராகும். கடன்பட்டுப் பசளை வாங்கியவனுக்கு எஞ்சுவது வைக்கோலும் கடனுமே.

எக்டர் வீரரத்னவும் அவருடன் உழைத்தோரும் முருங்கைக்காயன் 302ஐ மாஸ் என்னும் நெல்லுடன் கலந்தனர். மாஸ், டச்சுக்காரர் ஆட்சிக்காலத்து ஜாவாவில் உருவானது. அதன் பெற்றோர் சீன நெல்லொன்றும் வங்காளத்து லாட்டிசெயிலும். (1966இல் உலகறிந்த ஐ.ஆர்.8இன் தாயான பேட்டாவும் இதே கலப்பிற் பிறந்ததே.) நெற்பூவின் உமி நுனியைக் கத்தரித்து, ஆறு மகரந்தப் பைகளையும் நீக்கி, மற்றை இனத்தின் மகரந்தத்தைத் தூவவேண்டும். இரண்டாந் தலைமுறையில் நெட்டையும் குட்டையும், நோயாளியும் திடகாத்திரமுமாகப் பயிர்கள் பிரிந்து நிற்கும். பின்னர் பல போகங்கள் தெரிவு செய்த பின்னரே குணம் நிலைபெறும். இவ்வாறு 1950களின் பிற்பகுதியில் வெளிவந்த எச்-4, எரிபந்தத்தைத் தாங்கி நின்றது. பசளைக்கு ஏற்ற விளைவும் தந்தது. புழுங்கலரிசிச் சோறுண்ணும் நம்மவர்க்கு அதன் செந்நிற அரிசியும் உவப்பாயிற்று. விரைவிலே அது நாட்டின் வயல்களிற் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் வயல் யாருடையது? விளைந்ததிற் பாதியை நிலக்காரனுக்கு அளந்த வாரக்குடியானவனுக்குப் பிலிப் குணவர்த்தனாவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் உரிமை கொடுக்க முனைந்தது. அச்சட்டத்துக்கு அஞ்சிய நிலக்காரர் பலர் குடியானவரை வெளியேற்றினர். நல்ல விதை வந்த வேளையிலே நிலம் கைநழுவியவர்களை எண்ணாமல் எச்-4இன் வெற்றியை மட்டும் பாடுவது அரை உண்மையே.

இன்னொன்று: எச்-4 கலப்பிற் பிறந்ததாயினும் குணம் நிலைபெற்ற இனம். கமக்காரன் தன் சூட்டிலிருந்தே மறுபோகத்துக்கு விதை எடுக்கலாம். 1970களிற் சீனா பரப்பிய முதற்தலைமுறைக் கலப்பு நெல்லோ விளைச்சல் மிகுந்தது. எனினும் அதன் விதையை ஒவ்வொரு போகமும் புதிதாக வாங்கவேண்டும். இரண்டையும் கலப்பின நெல் என்றே அழைக்கிறோம்.

முருங்கைக்காயனை இன்று வயலிற் காண்பது அரிது. தன் பிள்ளைக்கும் அதன் பின்வந்த குட்டை இனங்களுக்கும் இடம்விட்டு அது ஒதுங்கிற்று. கன்னொறுவையிலுள்ள பயிர் மரபணு வள நிலையத்தின் குளிரறையில் அதன் வித்துக்கள் காக்கப்படுகின்றன.