வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும்

உலகில் பெரும்போர் மூளும்போதெல்லாம், கிறிஸ்தவ வேதாகமத்தில் தானியேலின் புத்தகத்தை விரித்துவைத்து, உலக முடிவுக்குரிய யுத்தம் இதுவே என்று முழங்குவோர் தோன்றுவது வழக்கம். அந்நூலின் பதினோராம் அதிகாரத்தில் வடதிசை ராஜாவும் தென்திசை ராஜாவும் மாறிமாறிப் பொருதுகின்றனர். இவர்கள் யாவர்? இவ்வினாவுக்கு மக்கள் கூறிவந்த விடைகளின் வரலாறு அறியத்தக்கதாகும்.

மகா அலெக்சாந்தர் கி.மு. 323-ல் இறந்தபின் அவனுடைய பேரரசு சிதறியது. தெற்கே எகிப்து தாலமி வமிசத்தார்க்கும், வடக்கே சிரியா செலூக்கஸ் வமிசத்தார்க்கும் உரியவாயின. இடையில் கிடந்த யூதர் நாடு இருவர் காலடியிலும் மிதிபட்டது. எகிப்திய அரசகுமாரி ஒருத்தி சமாதானத்தின் பொருட்டுச் சிரிய மன்னனுக்கு மணம் செய்விக்கப்பட்டாள். பின்னர்க் குழந்தையோடு கொலையுண்டாள். அவள் உடன்பிறந்தான் பழிவாங்கப் படையெடுத்தான். இவையாவும் அவ்வதிகாரத்தில் பெயர் சுட்டாது கூறப்பட்டுள்ளன.

இறுதியில் வருபவன் நான்காம் அந்தியோகஸ். எகிப்தை வெல்லச் சென்ற அவனைக் கி.மு. 168-ல் உரோமைத் தூதன் தடுத்தான். கைக்கோலால் மன்னனைச் சுற்றி மணலில் வட்டமிட்டு, விடை கூறாமல் இதனைத் தாண்டலாகாது என்றானாம்! அவமானத்தோடு திரும்பிய மன்னன் மறு ஆண்டில் எருசலேம் தேவாலயத்தைத் தீட்டுப்படுத்தினான், யூதர்தம் சமய ஒழுக்கங்களைத் தடுத்தான், மீறினோரைக் கொன்றான்.

கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த போர்ப்பிரி என்னும் தத்துவஞானி ஒரு நுட்பத்தைக் கண்டார். அந்தியோகஸின் கொடுமைவரையில் அவ்வதிகாரம் சரித்திரத்தோடு பொருந்துகின்றது. அவன் மரணத்தைப் பற்றிய பகுதி பொருந்தவில்லை. பாலஸ்தீனத்தில் மடிவான் என நூல் குறிக்க, அவனோ பாரசீகத்தில் மாண்டான். ஆகவே நூல் அவன் காலத்திலேயே எழுதப்பெற்றது என்றார் அவர். அறிஞர் ஜெரோம் 407-ல் இதனை மறுத்து உரை வரைந்தார். 448-ல் போர்ப்பிரியின் நூல்களை எரிக்க அரசாணை பிறந்தது. எனினும், எரியுண்டவர் கருத்தை மறுத்தவர் உரையே பெரிதும் காத்து நமக்கு அளித்தது! இக்கால ஆராய்ச்சியாளருள் மிகப் பலர் போர்ப்பிரியின் முடிவையே ஏற்கின்றனர்.

ஆயினும் ஆரூடக்காரர் ஓய்ந்தாரில்லை. 1529-ல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டபோது, எசேக்கியேல் கூறிய கோகு இவர்களே என்று லூதர் கருதினார். 1661 ஜனவரியில் தாமஸ் வென்னர் என்பவர், தானியேல் கண்ட நான்கு இராச்சியங்களும் ஒழிந்து ஐந்தாவது இராச்சியம் வரும் காலம் இதுவே என நம்பி, ஏறக்குறைய ஐம்பது பேருடன் இலண்டன் வீதிகளில் வாளேந்தினார். இருதிறத்தும் உயிர்கள் மாய்ந்தன. வென்னருக்கு மரணதண்டனை கிடைத்தது. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற குடியானவர், தானியேல் கூறும் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணிக் கணக்கிட்டார். அவர் வழியினர் 1844 அக்டோபர் 22 என நாளும் குறித்தனர். சிலர் விளைந்த பயிரையும் அறுக்காது காத்திருந்தனர். அந்நாளும் வந்தது, சென்றது, மறுநாளும் கதிரவன் உதித்தான். அவர்கள் கண்ணீரை யார் துடைப்பார்?

நேயர்களே! ஒவ்வொருவரும் தத்தம் காலத்தையே கடைசிக் காலமாகவும், தத்தம் பகைவனையே தீர்க்கதரிசனத்துப் பகைவனாகவும் கண்டனர். பகைவன் கடவுளால் குறிக்கப்பட்டவன் எனத் துணிந்தபின் சமாதானம் பேச இடமேது? அந்த நாளையும் நாழிகையையும் வானதூதரும் அறியார் என்று மாற்கு சுவிசேஷமே கூறுவதை அவர்கள் மறந்தனர்.

தானியேலின் புத்தகம் பஞ்சாங்கமன்று. கொடுங்கோலன் கீழ் நலிந்த சிறு சமூகத்தார்க்கு, அவன் ஆட்சியும் ஒருநாள் முடியும் என்று தேறுதல் சொன்ன நூல் அது. பேரரசுகள் மோதும்போது இடையில் மிதிபடும் எளியோர்க்கு அத்தேறுதல் இன்றும் வேண்டும். அதனை நாட்குறிப்பாக்கி மக்களை அச்சுறுத்துவது, துன்புற்றோர் கண்ணீரால் எழுந்த நூலுக்கே செய்யும் அநீதியாகும்.