வலக்கையை இழந்த எழுத்தாளர்

வாழ்நாளின் பெரும்பகுதியைப் பத்திரிகைத் தொழிலில் கழித்தவன் நான். ஆகையால், மன்னர்களின் போர்களைவிட, அவர்கள் காலத்தில் எழுதியவர்களுக்கும் அச்சிட்டவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதையே வரலாற்று நூல்களில் என் கண்கள் தேடும். முதலாம் எலிசபெத் அரசியின் காலம் ஆங்கில இலக்கியத்தின் பொற்காலம் எனப் பள்ளியில் படித்தோம். அதே காலத்தில் ஒரு சிறு நூலை எழுதிய குற்றத்துக்காக ஒருவரின் வலக்கை துண்டிக்கப்பட்டதை எவரும் எமக்குச் சொல்லவில்லை.

1534 இல் எட்டாம் ஹென்றி, போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுத்து, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவரானார். அவருடைய மகள் மேரி நாட்டை மீண்டும் கத்தோலிக்கத்துக்குத் திருப்பினார். ஏறத்தாழ 280 புரட்டஸ்தாந்தர்கள் எரியூட்டப்பட்டனர். 1559 இல் எலிசபெத் மறுபடியும் ரோமாபுரியின் பிடியிலிருந்து திருச்சபையை விடுவித்தார். முடி மாறும்போதெல்லாம் மதமும் மாறிய நாடு அது. அத்தகைய நாட்டில் அரசியின் திருமணம் அவருடைய சொந்த விடயமாக எவ்வாறு இருக்கமுடியும்?

1579 இல் 46 வயதான எலிசபெத்தை மணம்புரிய வந்தவர், பிரெஞ்சு மன்னரின் தம்பியும் கத்தோலிக்கருமான ஆஞ்சு கோமகன். பிரான்சில் 1572 இல் புரட்டஸ்தாந்தர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டதை ஆங்கிலேயர் மறந்திருக்கவில்லை. ஜோன் ஸ்டப்ஸ் என்னும் சட்டம் பயின்ற புரட்டஸ்தாந்தர், இத்திருமணம் நாட்டையே விழுங்கிவிடும் என எச்சரித்து நூல் எழுதினார். அரசியை அவர் பகைக்கவில்லை. விசுவாசமுள்ள குடிமகனின் அறிவுரையாகவே அதனைக் கருதினார். அரசியோ அதை அரசத்துரோகப் பிரசாரமாகக் கண்டு, பிரதிகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார்.

தண்டனைக்குத் தேடியெடுக்கப்பட்ட சட்டம் விசித்திரமானது. மேரியையும் அவர் கணவர் பிலிப்பையும் அவதூறிலிருந்து காக்க இயற்றப்பட்ட சட்டம் அது. மேரியுடன் அச்சட்டமும் மாண்டுவிட்டது என வாதிட்ட சட்டத்தரணி ஒருவர் சிறையிடப்பட்டார். தமக்கையின் கத்தோலிக்க ஆட்சிக்கு அரணாயிருந்த சட்டத்தைத் தங்கை ஒரு புரட்டஸ்தாந்தர் மீது ஏவினார்!

1579 நவம்பர் 3 ஆம் திகதி, வெஸ்ட்மின்ஸ்டரில் ஸ்டப்ஸின் மணிக்கட்டில் வெட்டுக்கத்தியை வைத்துக் கொட்டாப்புளியால் அடித்தனர். கை வீழ்ந்ததும் அவர் இடக்கையால் தொப்பியைக் கழற்றி, அரசியைக் கடவுள் காக்கவேண்டும் என உரத்து வாழ்த்தினார். பின்னர் மயங்கி வீழ்ந்தார். நூலைப் பரப்பிய வில்லியம் பேஜ் என்பவரும் கையை இழந்தார். அச்சிட்ட ஹியூ சிங்கிள்டன் மன்னிக்கப்பட்டார். அருகில் நின்ற வரலாற்றாசிரியர் வில்லியம் கம்டன், கூட்டம் பேச்சற்று நின்றதாகப் பதிவுசெய்துள்ளார். அந்த மௌனமே மக்களின் தீர்ப்பு என நான் கருதுகிறேன்.

திருமணம் நடைபெறவில்லை. 1581 இல் விடுதலையான ஸ்டப்ஸ் இடக்கையால் எழுதப் பழகினார். 'இடக்கையன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லைத் தம் கையொப்பத்துடன் சேர்த்துக்கொண்டார். பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். கத்தோலிக்கத் தரப்புக்கு மறுப்பெழுத அரசாங்கமே அவரை நாடியது.

எதிரிகளை மட்டுமே ஆட்சியாளர் தண்டிப்பர் என நாம் எண்ணுகிறோம். எமது தொழிலில் நெடுங்காலம் இருந்தவர்கள் அறிவர்: நலம்விரும்பி எழுதியவனின் கையும் வெட்டப்படுவதுண்டு.