மீண்டும் விழுந்தவரின் பாட்டு: கில் ஸ்காட்-ஹெரானும் போதையின் அரசியலும்

குடிநோய், போதை என்று பேச்சு எடுத்தாலே நம் ஊரில் முதலில் வரும் பதில், “அவனா திருந்தணும்னு நெனச்சாதானே?” என்பதுதான். விட்டவர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சு தீர்ப்பாகவே ஆகிவிடும். அவர் எங்கே வாழ்கிறார், சிகிச்சை முடிந்து எந்த இடத்துக்குத் திரும்பிப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. 1971-இல் ஒரு கறுப்பின இளைஞர் அதைக் கேட்டு ஒரு பாட்டு எழுதினார். அந்தப் பாட்டின் கதையையும், அதைப் பாடியவர்களின் கதையையும் இளம் தோழர்கள் தெரிந்துகொள்வது அவசியம் என்று நினைக்கிறோம்.

பாட்டின் பெயர் ‘ஹோம் இஸ் வேர் த ஹேட்ரட் இஸ்’. மனம் எங்கே இருக்கிறதோ அதுவே வீடு என்று ஆங்கிலத்தில் ஒரு பழமொழி உண்டு. அதில் மனம் இருந்த இடத்தில் வெறுப்பை வைத்தார் கில் ஸ்காட்-ஹெரான். அப்போது அவருக்கு வயது 22. 1949-இல் சிகாகோவில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் பாட்டியிடம் வளர்ந்தவர். அங்கே வெள்ளையர் பள்ளி ஒன்றில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மூன்று கறுப்பினப் பிள்ளைகளில் அவரும் ஒருவர். பிறகு தாயுடன் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்கு வந்தார். ‘பீசஸ் ஆஃப் எ மேன்’ என்ற ஆல்பத்தில் இந்தப் பாட்டு வெளிவந்தது. புரட்சியைத் தொலைக்காட்சி காட்டாது என்று சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பாட்டும் அதே ஆல்பத்தில்தான் இருக்கிறது. தோழர்கள் பலருக்கு அது தெரியும். இது அவ்வளவாகத் தெரியாது.

பாட்டில் பேசுபவன் ஹெராயினுக்கு அடிமையானவன். வீட்டுக்குப் போகும் வழியில் இருக்கிறான். அந்த வீட்டில் அவனுக்கு வலிதான் இருக்கிறது. விட்டுவிடு என்று சொல்பவர்களிடம், நீங்கள் அதை அனுபவித்துப் பார்த்ததுண்டா என்று கேட்கிறான். வீட்டுக்கே போகாமல் இருந்துவிட்டால் என்ன என்றும் யோசிக்கிறான். பாட்டு அவனைக் கண்டிப்பதில்லை. கடைசியில் மனம் மாறித் திருந்தும் காட்சியும் கிடையாது.

வீடு என்று அவர் சொன்னது நான்கு சுவரை மட்டும் அல்ல. நகரத்தின் மற்ற பகுதிகளில் கறுப்பினத்தவருக்கு வீடு தர மறுத்தார்கள். அவர்கள் வாழ்ந்த பகுதிகளுக்கு வங்கிகள் கடன் தர மறுத்தன. அப்படி ஒதுக்கப்பட்ட தெருக்களில் வேலை கிடைக்கவில்லை, ஹெராயின் கிடைத்தது. ஊரையும் சேரியையும் அறிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 1972-இல், எஸ்தர் பிலிப்ஸ் இந்தப் பாட்டைப் பாடினார். பதின்ம வயதிலேயே ‘லிட்டில் எஸ்தர்’ என்ற பெயரில் நாடறிந்த பாடகியாகி, அதே வேகத்தில் ஹெராயினுக்குள் போனவர். மீண்டார், விழுந்தார், மறுபடி மீண்டார். ஆகவே அவர் பாடியபோது அது இன்னொருவரின் கதையாக இருக்கவில்லை. அந்த ஆல்பத்துக்காக 1973-இல் கிராமி விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருது அரேத்தா ஃபிராங்க்ளினுக்குக் கிடைத்தது. இதற்குரியவர் எஸ்தர்தான் என்று அரேத்தா அதை அவரிடமே கொடுத்துவிட்டார். 1984-இல், 48 வயதில், கல்லீரலும் சிறுநீரகமும் செயலிழந்து எஸ்தர் இறந்தார்.

இந்தப் பாட்டு எழுப்பிய கேள்விக்கு அமெரிக்க அரசு தந்த பதில் என்ன? பாட்டு வந்த அதே 1971-இன் ஜூன் 17 அன்று, போதைப் பழக்கமே நாட்டின் முதல் எதிரி என்று அதிபர் நிக்சன் அறிவித்தார். 1973-இல் நியூயார்க் மாநிலம் கொண்டுவந்த ராக்ஃபெல்லர் சட்டங்கள், சில அவுன்ஸ் போதைப்பொருளுக்கே குறைந்தது 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை என்றன. 1986-இன் சட்டம் இன்னும் வெளிப்படையானது. ஐந்தாண்டுக் கட்டாயச் சிறைக்கு 500 கிராம் கொக்கைன் தூள் வேண்டும். கிராக் என்றால் 5 கிராம் போதும். இரண்டும் ஒரே பொருளின் இரண்டு வடிவங்கள். தூளை வாங்கியவர்கள் வசதி படைத்தவர்கள். மலிவான கிராக் விற்பனைக்காகச் சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-இல்தான் அந்த 100-க்கு 1 விகிதம் 18-க்கு 1 ஆகக் குறைந்தது. அப்போதும் சமமாகவில்லை. பிற்பாடு வலி மாத்திரைகள் வழியாக வெள்ளையர் குடும்பங்களுக்குள் போதை புகுந்தபோது அதே நாட்டில் அது நோயாகிவிட்டது. பரிவும் சிகிச்சையும் வேண்டும் என்ற குரல்கள் எழுந்தன. சட்டம் போதையை அல்ல, போதையில் இருப்பவர் யார் என்பதையே பார்த்தது.

மக்கள் தந்த பதிலும் ஒன்று உண்டு. கில் வளர்ந்த அதே பிராங்க்ஸில் லிங்கன் மருத்துவமனை இருந்தது. இடிந்த கட்டடம், சுற்றுவட்டார மக்கள் அதைக் கசாப்புக் கடை என்றே அழைத்தார்கள். 1970 ஜூலையில் புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர்களின் யங் லார்ட்ஸ் அமைப்பு அதைக் கைப்பற்றி 12 மணி நேரம் வைத்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் கருஞ்சிறுத்தைகள் உள்ளிட்ட தோழர்களுடன் மறுபடி உள்ளே புகுந்து, ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கான சிகிச்சைப் பிரிவை அவர்களே தொடங்கினார்கள். அதுதான் ‘லிங்கன் டீடாக்ஸ்’. பழக்கத்திலிருந்து மீண்டவர்களே அங்கே ஆலோசகர்களாக இருந்தார்கள். பின்னாளில் காதில் ஊசி குத்தும் அக்குபஞ்சர் முறையைக் கற்றுப் பயன்படுத்தினார்கள். அதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான முத்துலு ஷகூர், ராப் பாடகர் டூபாக்கின் வளர்ப்புத் தந்தை.

அங்கே சிகிச்சையோடு அரசியல் வகுப்பும் நடந்தது. போதை எப்படி நம் தெருவுக்கு வந்தது, யார் லாபம் பார்க்கிறார்கள், நாம் மயங்கிக் கிடந்தால் யாருக்கு வசதி என்று பேசினார்கள். கருஞ்சிறுத்தைக் கட்சியின் மைக்கேல் டேபர் இதைப் பற்றி ஒரு சிறுநூலே எழுதினார். அவரும் ஹெராயினிலிருந்து மீண்டவர். விழுந்தவரை நோயாளி என்றும் தோழர் என்றும் ஒரே நேரத்தில் பார்த்த இடம் அது. 1978-இல் நகர நிர்வாகம் காவல்துறையைக் கொண்டுவந்து அவர்களை வெளியேற்றியது. ஆனால் அங்கே உருவான காது அக்குபஞ்சர் முறை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது.

இனி கில் ஸ்காட்-ஹெரானின் பிற்காலத்துக்கு வருவோம். 1974-இல் குடியைப் பற்றி ‘த பாட்டில்’, 1978-இல் ‘ஏஞ்சல் டஸ்ட்’ என்று தொடர்ந்து எச்சரித்தவர், பின்னாளில் கிராக்கில் விழுந்தார். 2001-இல் கொக்கைன் வைத்திருந்ததற்காகச் சிறை சென்றார். பிறகு இன்னொரு வழக்கில், சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை மையம் என்ற உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். அந்த மையத்திலிருந்து வெளியேறியதால் 2006-இல் இரண்டு முதல் நான்கு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தனக்கு வேண்டிய எச்.ஐ.வி. மருந்தை அங்கே தர மறுத்ததால்தான் வெளியேறினேன் என்றார் அவர். சிகிச்சையே தண்டனையின் ஒரு பகுதியாகும்போது, நோயாளி வாயைத் திறந்தாலும் குற்றம், வெளியே நடந்தாலும் குற்றம். 2010-இல் மீண்டு வந்து ஓர் ஆல்பம் தந்தார். 2011 மே 27 அன்று 62 வயதில் இறந்தார்.

ஊருக்கு உபதேசம் செய்தவர் தானே விழுந்தார் என்று எழுதியவர்கள் உண்டு. நாம் அப்படிப் பார்க்கவில்லை. அவர் பாட்டில் உபதேசமே இல்லை. அரசியல் தெளிவு ஒருவரைப் போதையிலிருந்து காக்கும் கவசம் அல்ல. தெளிவோடு சிகிச்சையும் ஆட்களும் போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதல்ல. 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் நாம் சிறுத்தை என்று சொல்லும்போதும் அந்தத் தொடர்ச்சி இருக்கிறது. பெயரை எடுத்தோம். லிங்கன் மருத்துவமனையில் அவர்கள் செய்ததை எடுத்துக்கொண்டோமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள், பலர் தலித்துகள். அப்போது எழுந்த குரல் நினைவிருக்கிறதா? “குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?” 2003 முதல் டாஸ்மாக் வழியாக மதுச் சில்லறை விற்பனையை அரசே நடத்தும் மாநிலம் இது. விற்பவருக்கு வருவாய், குடித்தவருக்கு வசை.

மலக்குழியில் இறங்கும் தோழர்களிடம் பேசிப் பாருங்கள். குடிக்காமல் அந்த நாற்றத்தில் கால் வைக்க முடியாது என்பார்கள். அவரை முப்பது நாள் மறுவாழ்வு மையத்தில் வைத்துவிட்டு, முப்பத்தொன்றாம் நாள் அதே குழிக்கு அனுப்பினால் அவர் மறுபடி குடிப்பார். அதற்குப் பெயர் மன உறுதியின்மையா? கில் ஸ்காட்-ஹெரான் வீடு என்று சொன்னது இதைத்தான்.

குடித்துவிட்டு மனைவியை அடிப்பவருக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அடியும் கடனும் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. மதுக்கடைகளை மூடச் சொல்லி முதலில் தெருவுக்கு வருபவர்களும் அவர்கள்தான். கடையை மூடு என்ற கோரிக்கையோடு, அரசு மருத்துவமனையில் சிகிச்சை கொடு, குழியில் மனிதரை இறக்காதே, வேறு வேலை கொடு என்ற கோரிக்கைகளும் சேர்ந்தால்தான் அவர்களுடைய வீடும் வீடாகும்.

இளம் தோழர்களிடம் ஒன்று கேட்கிறோம். நம் அமைப்புகளிலும் குடியோடு போராடுபவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதம் விட்டவர் ஏழாம் மாதம் விழுந்தால், கூட்டத்துக்கு வராதே என்று சொல்லிவிடாதீர்கள். அவரைத் தேடிப் போங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், அவர் திரும்பி வருவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்று தெரியப்படுத்துங்கள். வெறுப்பு இல்லாத ஓர் இடமாக நம் இயக்கமாவது இருக்கட்டும்.

ஜெய்பீம்.