லேன் கேபிளுக்குள் முறுக்கு வந்த கதை

லேன் கேபிளின் உறையைச் சீவினால் உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். கம்ப்யூட்டருக்காகக் கண்டுபிடித்த முறுக்கு அல்ல இது. டெலிபோன் காலத்துச் சரக்கு.

ஆரம்ப டெலிபோன் லைனுக்கு ஒற்றை இரும்புக் கம்பிதான். மின்சாரம் திரும்ப மண்ணே வழி. தந்திக்காரர்கள் விட்டுப்போன சிக்கனம் அது. தந்தியின் தட்டலுக்குப் போதுமாக இருந்தது, மனிதக் குரலுக்குப் போதவில்லை. பக்கத்துக் கம்பியின் தந்தி காதில் டக்டக்கென்று விழும். யாரோ பேசுவதும் கேட்கும். 1880-களில் அமெரிக்க நகரங்களில் மின்விளக்கும் டிராமும் பெருக, இரைச்சல் தலைவலியானது. டிராமின் மின்சாரமும் தண்டவாளம் வழியே அதே மண்ணில்தானே இறங்கியது!

மண்ணை விட்டு இரண்டாவது கம்பி இழுத்தார்கள். செலவு இரட்டிப்பு. அதுவும் முழுத் தீர்வில்லை: இரைச்சலுக்கு அருகிலிருக்கும் கம்பி கூடுதலாக வாங்கிக்கொள்ளும். இரண்டையும் முறுக்கிவிட்டால்? ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கம்பிகள் இடம் மாறும். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு இரைச்சலை வாங்கும். மறுமுனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் பொதுவான இரைச்சல் கழிந்துபோகும். இதற்கு கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். உலோகக் கவசம் எதுவும் இல்லாமல், கம்பி போகும் பாதையை மாற்றியே காரியம் சாதித்ததுதான் இதில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம். முறுக்க முடியாத தொலைதூரக் கம்பங்களில், சில கம்பங்களுக்கு ஒருமுறை கம்பிகளை இடம் மாற்றிக் கட்டினார்கள்.

1973-இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் பிறந்த ஈதர்நெட் முதலில் ஓடியது கோயாக்ஸ் கேபிளில். அலுவலகங்களில் டெலிபோனுக்காக முறுக்குக் கம்பி ஏற்கெனவே கிடந்தது; 1990-இல் வந்த 10பேஸ்-டி தரம் அந்த வகைக் கம்பிக்கு மாறியது. இன்றைய கேபிளில் ஜோடிக்கு ஜோடி முறுக்கின் நெருக்கம் வேறுபடும். ஒரேபோல் இருந்தால் ஜோடிகள் ஒன்றின் சிக்னலை ஒன்று வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் வீணாவது கனெக்டர் கிரிம்ப் செய்யும் இடத்தில். கேட்-5இ கேபிளில் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அவசரத்தில் இரண்டு அங்குலம் பிரித்துவிடுகிறார்கள். இன்னொரு வினை, ஜோடிகளை 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாகச் செருகுவது. 3-உம் 6-உம் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இரு முனையிலும் ஒரே தப்பு என்றால் சாதா டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும், வேகம்தான் வராது.